கொன்றவர் யாரென்று ஊருக்குத் தெரியும்

தமிழில் சிற்றூர் மர்ம நாவல் ஒன்று தொடங்க வேண்டுமென்றால் முதலில் ஒரு பெண் சாக வேண்டும். கிணறு, கண்மாய், ஜமீன் பங்களாவின் பின்கட்டு, மூடிக் கிடக்கும் ஆலை என்று இடம் மாறும். சாகிற ஆள் மட்டும் மாறுவதில்லை. விடியற்காலையில் ஆடு பத்திக்கொண்டு போனவர் பார்த்து அலறுவார். ஊர் கூடும். யாருக்கும் எதுவும் தெரியாது. பிறகு நகரத்திலிருந்து ஓர் ஆண் வருவான். அவன் காவல்துறை அதிகாரியாக இருக்கலாம், நிருபராக இருக்கலாம், ஆராய்ச்சி மாணவனாகவும் இருக்கலாம். முப்பது அத்தியாயம் ஊரைச் சுற்றிவிட்டு, ஊருக்குத் தெரியாத ஒன்றை ஊருக்கே எடுத்துச் சொல்லிவிட்டு, அவன் பஸ் ஏறுவான்.

ஊருக்குத் தெரியாது என்பதுதான் இந்த வகை நாவலின் அஸ்திவாரம். அந்த அஸ்திவாரமே பொய் என்கிறேன். நான் தளவாய்புரத்துக்காரி. இங்கே ஒரு பெண் பஸ் நிறுத்தத்தில் யாரிடமாவது ஐந்து நிமிடம் நின்று பேசினால், அவள் வீடு திரும்புவதற்குள் அந்தச் சேதி அவள் வீட்டு அடுப்படிக்கு வந்து உட்கார்ந்திருக்கும். பேசியவன் எந்தத் தெரு, என்ன சாதி, அவன் தாத்தா யாரிடம் கடன்பட்டுச் செத்தார் என்பதுவரை கூடவே வந்திருக்கும். ராஜபாளையம் கடைவீதியில் அவள் ஒரு கைப்பேசி வாங்கினால், அது யார் கொடுத்த பணம் என்று சேத்தூரில் கேட்பார்கள். பெண்ணின் ஒவ்வொரு அடியையும் எண்ணிக்கொண்டிருக்கிற இந்த ஊருக்கு, அவளைக் கொன்றவன் யார் என்பது மட்டும் தெரியாமல் போய்விடுமாம். உயிரோடு இருக்கிறவரை ஆயிரம் கண். செத்த பிறகு ஒரு கண்கூட இல்லை. இதைத்தான் மர்மம் என்று அச்சடித்து விற்றுக்கொண்டிருந்தோம். இப்போது குரல் கொடுத்துக் காதிலும் ஊற்றுகிறோம்.

காதில் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. தளவாய்புரம், செட்டியார்பட்டி, முகவூர் பக்கம் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இது நைட்டியும் பாவாடையும் தைக்கிற வட்டாரம். தறிச் சத்தத்தோடு இப்போது தையல் மிஷின் சத்தமும் தெருவில் கேட்கும். வெட்டிய துணி மூட்டையாக வீட்டுக்கு வரும். பீசுக்கு இவ்வளவு என்று கூலி. தைப்பவளுக்குக் கண்ணும் கையும் காலும் மிஷினுக்குச் சொந்தம். சும்மா இருப்பது காது ஒன்றுதான். ஒரு காலத்தில் அந்தக் காதுக்குத் திருநெல்வேலி வானொலியும் கொடைக்கானல் பண்பலையும் இருந்தன. இன்று மிஷின் மேசையில் துணி விழாத மூலையாகப் பார்த்துக் கைப்பேசியைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அதில் ஒலிநாவல் ஓடுகிறது. பெரும்பாலும் மர்மக்கதை. "படிக்க எங்க நேரம் இருக்கு டீச்சர், காது சும்மாதான கெடக்கு" என்றார் எங்கள் தெருவில் தைக்கிற ஒரு பெண். என் மாணவிகள் சிலர்கூடக் கல்லூரி விட்டு வந்து பிசிறு வெட்டும்போது இதைத்தான் கேட்கிறார்கள்.

ஆகவே இது ரசனை பற்றிய சில்லறை விவகாரம் அன்று. ஒரு நாளில் பல மணி நேரம், இந்த வட்டாரத்துப் பெண்களின் காதுக்குள் போகிற கதை எது, அதை யார் குரலில் சொல்கிறார்கள், அதில் அந்தப் பெண்களைப் போன்ற ஒருத்தி என்ன ஆகிறாள் என்பது இலக்கியத்தின் கேள்விதான். கல்வித்துறை இதைக் கேட்பதில்லை. மாத நாவலை ஆய்வுப் பொருளாக எடுக்கலாமா என்று கேட்கும் மாணவியைப் பார்த்து இன்றும் சிரிக்கிற பேராசிரியர்கள் உண்டு. எனக்கு அந்த ஏளனம் கிடையாது. பஸ் நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய பாக்கெட் நாவல்களில்தான் நான் வேகமாக வாசிக்கப் பழகினேன். ராஜேஷ்குமாரும் பட்டுக்கோட்டை பிரபாகரும் சுபாவும் எங்கள் வீட்டில் கம்பராமாயணத்துக்குப் பக்கத்தில் இருந்தார்கள். மர்மக்கதை கீழானது என்பது என் புகார் இல்லை. அது யாரைக் காப்பாற்றுகிறது என்பதுதான் புகார்.

நல்ல உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். மோசமான நாவலைத் திட்டுவது சுலபம், பயனும் இல்லை. சுஜாதாவின் 'கரையெல்லாம் செண்பகப்பூ' ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1981இல் ஜி. என். ரங்கராஜன் இயக்கத்தில் இளையராஜா இசையோடு படமும் ஆயிற்று. தமிழ்க் கிராமத்தை வைத்து எழுதிய மர்ம நாவல்களில் இன்றைக்கும் கை வைத்தால் கீழே வைக்க முடியாத ஒன்று. நாட்டுப்புறப் பாடல்களை ஆராய ஒரு கிராமத்துக்கு வருகிறான் கல்யாணராமன். பாழடைந்த ஜமீன் மாளிகையில் தங்குகிறான். வெள்ளி என்ற ஊர்ப் பெண், அவள் மனத்தில் இருக்கும் மருதமுத்து, நகரத்திலிருந்து வந்து இறங்கும் ஜமீன் வாரிசு சினேகலதா. மருதமுத்து சினேகலதாவின் பக்கம் சாய்கிறான். பிறகு சினேகலதா கொலையாகிறாள். கொன்றது யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை, படிக்காதவர்கள் பிழைத்துப் போங்கள்.

இந்த நாவலின் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தலையில் ஒரு நாட்டுப்பாடல் இருக்கும். சுஜாதாவின் கெட்டிக்காரத்தனம் அது. பாட்டைப் படித்ததுமே அத்தியாயத்தின் வாடை நமக்கு வந்துவிடும். ஆனால் அந்தப் பாட்டு யாருடையது? நாற்று நடுகிறவள், தொட்டில் ஆட்டுகிறவள், பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து மாரடிக்கிறவள் பாடியது. நா. வானமாமலை பதிப்பித்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுப்பைப் புரட்டிப் பாருங்கள். பாட்டின் கீழே சேகரித்தவர் பெயர் இருக்கும், இடம் இருக்கும். பாடியவள் பெயர் பெரும்பாலும் இருக்காது. அந்தத் தொகுப்பு இல்லையென்றால் இந்தப் பாடல்களே நம் கைக்கு வந்திருக்காது என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு வரிசை தெரிகிறது, இல்லையா? பெண் பாடினாள், ஆண் எழுதிக்கொண்டான், அவன் பெயரில் நின்றது. நாவலில் அதே வேலைக்கு வருகிறான் கல்யாணராமன். ஊர்ப் பெண்களின் வாயில் இருப்பதைச் சேகரிக்க வந்தவன்தான், ஊருக்குத் தெரியாததைக் கண்டுபிடிக்கிறவனும் ஆகிறான். பாடல் அத்தியாயத்தின் தலையில் அலங்காரமாக நிற்கிறது. சாட்சியமாக அது ஒருபோதும் விசாரிக்கப்படவில்லை.

சாவு வீட்டில் ஒப்பாரி கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். வேறெங்கும் வாய் திறக்க முடியாதவள் அங்கே திறப்பாள். மாமியார் போட்ட சூட்டைச் சொல்வாள், மச்சினன் எழுதி வாங்கிக்கொண்ட நிலத்தைச் சொல்வாள், செத்தவளுக்கு மூன்று நாளாக மருந்து வாங்கித் தராததைச் சொல்வாள். பந்தலில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் வெற்றிலையை மென்றுகொண்டே அதைக் கேட்காததுபோல் இருப்பார்கள். பாட்டுதானே என்று விட்டுவிடுவார்கள். குற்றப்பத்திரிகை அங்கேயே ராகத்தோடு வாசிக்கப்பட்டுவிட்டது. எழுதிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

இனி ஒலிக்கு வருவோம். சுஜாதாவின் கதைகளைப் பலர் வாசித்து யூடியூபில் ஏற்றியிருக்கிறார்கள். அப்படி நான் கேட்ட ஒரு வாசிப்பில், நாட்டுப்பாடல் வரும் இடத்தில் வாசிப்பவர் அதை உரைநடைபோல் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டுக் கதைக்குத் தாவினார். எனக்குக் கைத்தது. வாயிலிருந்து வந்த பாட்டு, காகிதத்துக்குப் போய், நாவலுக்குப் போய், ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி ஒருவர் வாய்க்கே வந்து சேர்ந்திருக்கிறது. வந்தபோது ராகம் இல்லை. ஒரு பெண்ணின் தொண்டையில் அது எப்படி இருந்தது என்று தேட வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

தேடப் போனால் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் அர்ச்சுனாபுரம் இருக்கிறது. அங்கே நல்லதங்காளுக்குக் கோயில் உண்டு. அவள் பிள்ளைகளோடு விழுந்ததாகச் சொல்லும் கிணறும் உண்டு. இந்த வட்டாரத்தின் முதல் ஒலிநாவல் நல்லதங்காள் கதைதான் என்பேன். வில்லுப்பாட்டாக, தோல்பாவைக் கூத்தாக, அம்மானையாக, ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்கும் பெரிய எழுத்துப் புத்தகமாகத் தலைமுறை தலைமுறையாகக் காதில் விழுந்த கதை. பஞ்சம் வந்து, ஏழு பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு வருகிறாள் நல்லதங்காள். அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவை அடைக்கிறாள். உள்ளே விட்ட பிறகும் ஓட்டைப் பானையும் ஈர விறகும் கொடுத்துச் சமைத்துக்கொள் என்கிறாள். நல்லதங்காள் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். மூத்தவன் தப்பி ஓடுகிறான், அவனையும் பிடித்து இழுத்து வந்து போடுகிறாள். அந்த இடம் வரும்போது எங்கள் பாட்டி உட்பட எல்லாப் பெண்களும் முந்தானையை வாயில் திணித்துக்கொள்வார்கள்.

கொலையாளி யார்? ஊர் முழுக்கக் கேட்டுப் பாருங்கள், மூளி அலங்காரி என்று சொல்வார்கள். அவள் பெயர் இன்றும் வசைச்சொல். கதையிலும் தண்டனை அவளுக்குத்தான். அண்ணன் நல்லதம்பி தங்கைக்காகக் கதறுகிறான், அவன் மேல் ஒரு தூசும் விழுவதில்லை. சற்று நிதானமாக யோசித்தால் வேறு கேள்விகள் வரும். அந்த வீடும் நிலமும் குதிரும் இருவரையும் பெற்றவர்களுடையது. அதில் நல்லதங்காளுக்கு ஏன் ஒரு மரக்கால் நெல்கூட உரிமையாக இல்லை? அவள் ஏன் அண்ணியின் கருணையை எதிர்பார்த்து வாசலில் நிற்க வேண்டும்? அலங்காரிக்கும் அந்த வீட்டில் சொந்தமாக எதுவும் இல்லை. புருஷன் இருக்கிறவரை அவளிடம் சாவி இருக்கும், அவ்வளவுதான். சொத்தில்லாத இரண்டு பெண்களை ஒரே கதவின் இருபுறமும் நிறுத்திவிட்டுக் கதை ஆண்களை வேட்டைக்கு அனுப்பிவிடுகிறது. நாமும் நூற்றாண்டுகளாக அலங்காரியைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

தமிழ்நாட்டில் மகளுக்குப் பரம்பரைச் சொத்தில் சமபங்கு என்று சட்டம் வந்தது 1989இல். அதுவும் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே மணமாகிப் போனவர்களுக்குக் கிடையாது. அவர்கள் 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்படும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நல்லதங்காள் கதையில் ஒளிந்திருந்த கொலையாளியை முதலில் பெயர் சொல்லி அழைத்தது ஒரு சட்டத் திருத்தம். புலவர்கள் அழைக்கவில்லை.

எங்கள் தெருப் பெண்ணிடம், கேட்டுக்கொண்டிருந்த ஒலிநாவலில் கொலை செய்தது யார் என்று தெரிந்துவிட்டதா என்று கேட்டேன். "ரெண்டாம் நாளே தெரிஞ்சிருச்சு டீச்சர். அந்தப் பெரியப்பந்தான். சொத்து யாருக்குப் போவுதுன்னு பாத்தாத் தெரியாதா? இவங்கதான் முப்பது நாளா இழுக்காங்க" என்று சொல்லிக்கொண்டே கழுத்துப் பட்டியைத் திருப்பினார். மிஷின் நிற்கவில்லை.

இந்தக் கேட்பவளுக்கு இருக்கும் அறிவைக் கதைக்குள் இருக்கும் பெண்களுக்குக் கொடுப்பதில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. கதைக்குள் பெண்கள் அலறுவார்கள், மயங்குவார்கள், துப்பறிகிறவனுக்குக் காப்பி கொண்டுவருவார்கள், எதையோ சொல்ல வாயெடுக்கும்போது கொலையாவார்கள்.

மனிதர்களால் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் சாமி வந்துவிடும். இந்திரா சௌந்தர்ராஜனின் கதையை வைத்து நாகா இயக்கிய 'விடாது கருப்பு' தொண்ணூறுகளில் தொலைக்காட்சியில் வந்த காலத்தில், அது ஓடும் நேரம் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. அதில் தப்புச் செய்தவனைக் கருப்பசாமி தண்டிப்பதாக ஊர் நம்பும். அந்த நம்பிக்கையைக் கிளறி, அதன் கீழே மனிதக் கையைத் தேடிய தொடர் அது. அதை மெச்சுகிறேன். அதற்குப் பின்னால் வந்த போலிகள் கேள்வியை விட்டுவிட்டுச் சாமியை மட்டும் எடுத்துக்கொண்டன. வெள்ளைக் குதிரை, சலங்கைச் சத்தம், நள்ளிரவு. சாமி கொன்றது என்றால் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை பாருங்கள்.

சாமி என்றதும் இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியாது. தென்மாவட்டங்களில் கன்னித் தெய்வம் இல்லாத குடும்பம் குறைவு. வீட்டு மூலையில் ஒரு மாடம், அல்லது தோட்டத்தில் ஒரு கல். வருஷத்துக்கு ஒருமுறை பாவாடை, சட்டை, வளையல், ரிப்பன் வாங்கிவைத்துக் கும்பிடுவார்கள். யார் இந்தப் பெண் என்று கேட்டால், கல்யாணம் ஆகாமல் செத்துப்போனவள் என்பார்கள். எப்படிச் செத்தாள் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். நோயில் போனவர்களும் உண்டுதான். ஆனால் வேறு சாதிப் பையனோடு போகப் பார்த்தவளை, வயிற்றில் உண்டானவளை, அப்பனும் அண்ணனும் சேர்ந்து முடித்துவிட்டு, பிறகு வீட்டில் பிள்ளை தங்கவில்லை, மாடு செத்தது என்று பயந்து தெய்வமாக்கிய கதைகள் நம் ஊர்களில் நிறைய. கொன்ற குடும்பமே கொன்றவளுக்குப் பொங்கலிடுகிறது. தேதி வைத்து, படையல் வைத்து, ஊருக்குச் சொல்லிச் செய்கிறது. இதைவிட வெளிப்படையான ஒப்புதல் வாக்குமூலம் எந்த நாவலில் இருக்கிறது? இந்த ஊருக்கா எதுவும் தெரியாது?

2003 ஜூலை 8 அன்று விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டையில் கண்ணகியும் முருகேசனும் கொல்லப்பட்டார்கள். அவள் வன்னியர், அவன் தலித், பொறியியல் படித்தவன். சில வாரங்களுக்கு முன்புதான் பதிவுத் திருமணம் செய்திருந்தார்கள். காதிலும் மூக்கிலும் விஷத்தை ஊற்றினார்கள். ஊர் பார்க்க நடந்தது. பார்த்தவர்களின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் தமிழ்நாட்டில் இதைவிட மர்மம் குறைந்த கொலை வேறு இருக்க முடியாது. இருந்தும் காவல்துறை முருகேசனின் உறவினர்களையும் குற்றவாளிகளாகச் சேர்த்தது. பிறகு வழக்கு சிபிஐக்குப் போனது. கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2021 செப்டம்பர் ஆயிற்று, பதினெட்டு வருஷம். கண்ணகியின் அண்ணனுக்கு மரண தண்டனை, அப்பா உட்படப் பன்னிரண்டு பேருக்கு ஆயுள். அந்தப் பன்னிரண்டு பேரில் காவல் அதிகாரிகளும் அடக்கம். மரண தண்டனையை உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனைகளை உறுதிசெய்தது.

கொன்றது யார் என்ற கேள்வி இந்த வழக்கில் முதல் நாளே முடிந்துபோயிற்று. நம் மர்ம நாவலோ அந்தக் கேள்வியை மட்டும் முன்னூறு பக்கம் கேட்கும். விடை ஒரு தனிமனிதனாக இருக்கும். அவனுக்கு ஒரு மனநோயோ ஒரு புதையல் ஆசையோ பழைய பகையோ இருக்கும். அவனைப் பிடித்ததும் ஊர் மறுபடி சுத்தமாகிவிடும். சாதி கைதாகாது. சொத்து கைதாகாது. பார்த்துக்கொண்டு நின்றவர்கள் கைதாக மாட்டார்கள். கடைசி அத்தியாயத்தில் வயல் பச்சையாக இருக்கும், டீக்கடையில் பாட்டு ஓடும்.

குரலைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். காகிதத்தில் அச்சாகியிருந்தபோது, பெண்ணின் பிணத்தை வர்ணிக்கும் பத்தியைக் கண்ணால் தாண்டிவிட முடிந்தது. அனுபவப்பட்ட வாசகிகள் எல்லோருமே தாண்டுவார்கள். கேட்கும்போது தாண்ட வழியில்லை. பதினைந்து நொடி முன்னே தள்ளும் பொத்தான் இருக்கிறது, ஆனால் கை துணியில் இருக்கிறதே. விலகிய சேலை, கிழிந்த ரவிக்கை, கழுத்தில் நகக்கீறல் என்று ஒவ்வொன்றாக, இடையிடையே ஒரு மூச்சு விட்டு, வயலின் இழையவிட்டு வாசிக்கிறார்கள். ஆண் குரல் என்றால் அந்த இடத்தில் குரல் தழையும். பயமுறுத்தத் தழைகிறதா, ரசிக்கத் தழைகிறதா என்று கேட்கிறவளுக்குத் தெரியும். பல குரல் வைத்துத் தயாரிக்கும் ஒலிநாடகங்களில் பெண் குரலின் வேலை பாதி நேரம் அலறுவது. வேலைக்காரிக்கும் கொலைகாரனுக்கும் நம் வட்டாரப் பேச்சு, துப்பறிகிறவனுக்கும் அவன் காதலிக்கும் சென்னைப் பேச்சு என்ற பங்கீடு வேறு. சில செயலிகளில் அலறலோடு பாகம் நின்றுவிடும், அடுத்த பாகத்துக்குக் காசு கட்ட வேண்டும். அலறல் அங்கே பூட்டு.

2019 மார்ச்சில் இந்தத் தமிழ்நாடே ஒரு பெண்ணின் நிஜக் கதறலைக் கைப்பேசியில் கேட்டது. பொள்ளாச்சியில் பதிவான அந்தக் காணொளி வாட்ஸப்பில் வீடு வீடாகப் போனது. நீதி கேட்டுப் பகிர்ந்தவர்கள் இருந்தார்கள், வேறு எதற்கோ கேட்டவர்களும் இருந்தார்கள். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தது. அதைக் கேட்ட காதோடுதான் நாம் இன்று ஒலிநாவல் கேட்கிறோம். குரல் கலைஞர் ஒருவர் ஒலிக்கூடத்தில் மூன்று முறை அலறிக்காட்டி, மூன்றில் நல்லதைத் தேர்ந்தெடுத்து, அதற்குக் கீழே தபேலா சேர்ப்பது என்னால் இனிச் சும்மா கேட்டுவிட்டுப் போகக்கூடியதாக இல்லை. இயந்திரக் குரல்கள் வேறு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கு அலற மறுக்கும் உரிமையே கிடையாது.

மறுக்கிற இடத்தில் இருப்பவர்கள் வாசிக்கும் பெண்கள்தான். அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். பெண் குரல் தனியாக ஒரு பெரிய நாவலைத் தாங்கும் என்பதைத் தீபிகா அருண் 'கதை ஓசை'யில் 'பொன்னியின் செல்வ'னை வாசித்துக் காட்டிவிட்டார். மன்னனும் ஒற்றனும் ஓடக்காரியும் ஒரே பெண்ணின் தொண்டையிலிருந்து வருகிறார்கள், கேட்பவர்களுக்கு அது விநோதமாகப் படவில்லை. கதை சொல்லும் அதிகாரம் அவளிடம் வந்தாயிற்று. அந்த அதிகாரம் நம் மர்மக்கதைக்குள் மட்டும் ஏன் நுழையக் கூடாது?

நுழைந்த முன்னோடி உண்டு. வை. மு. கோதைநாயகி அம்மாள் கதை கட்டத் தொடங்கிய நாளில் அவருக்குச் சரளமாக எழுத வராது. அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொண்டார். தமிழில் ஒரு பெண்ணின் புனைவு அப்படிக் குரலாகத்தான் தொடங்கியது, அதை எழுதிய கையும் பெண் கை. 1925இல் 'ஜகன்மோகினி'யைத் தாமே எடுத்து நடத்தத் தொடங்கி 'வைதேகி'யைத் தொடராக வெளியிட்டார். நூற்றுப் பதினைந்து நாவல்கள் எழுதினார். துப்பறியும் கதையும் அவற்றில் உண்டு. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் துப்பறியும் நாவல் வரலாற்றில் தவறாமல் வருகிறார்கள். கோதைநாயகியைப் 'பெண் எழுத்தாளர்கள்' என்ற தனிப் பாடத்துக்கு அனுப்பிவிடுகிறோம். நானும் அந்தப் பாடத்திட்டத்தைத்தான் நடத்துகிறேன், வேறு வழியில்லை.

கொலை இல்லாத கதை எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. கொலை இருக்கட்டும். முதல் பக்கத்திலேயே கொன்றவன் பெயரைச் சொல்லிவிடுங்கள். பிணத்தின் உடுப்பை வர்ணிக்கும் அளவுக்கு, பத்திரப்பதிவு அலுவலகத்தில் அந்த வாரம் கைமாறிய நிலத்தை வர்ணியுங்கள். வாசிக்கிறவர்கள் அலறலை எழுத்தில் இருக்கிறபடி ஒரு சொல்லாகச் சொல்லிவிட்டுக் கடந்து போங்கள், கேட்கிறவளுக்கு அது போதும், அவளுக்குத் தெரியும். நாட்டுப்பாடல் வந்தால் பாடுங்கள். பாடத் தெரியாவிட்டால் தெரிந்த ஒரு மூதாட்டியைக் கூப்பிட்டுப் பாடச்சொல்லி, கடைசியில் அவள் பெயரையும் சொல்லுங்கள். மாணவிகளுக்கு ஒரு வேலை: உங்கள் வீட்டுக் கன்னியின் பெயர் என்ன, எந்த வருஷம், எந்தக் கிணறு என்று பாட்டியிடம் கேட்டு வாருங்கள். மூன்று தலைமுறைக்கு மேல் போக வேண்டாம்.

கொன்றவனை முதலிலேயே சொல்லிவிட்டால் விறுவிறுப்பு எங்கே இருக்கும் என்று ஒரு பதிப்பாளர் என்னிடம் கேட்டார். புதுக்கூரைப்பேட்டை வழக்கில் சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். முருகேசனின் சிற்றன்னை பிறழவில்லை. அவர் பார்த்ததைச் சொன்னார். பதினெட்டு வருஷம் கழித்தும் அந்தச் சாட்சியம் நின்றது, உச்ச நீதிமன்றம்வரை நின்றது. அதே ஊரில், அதே தெருவைக் கடந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு, வெளியே இருக்கும் ஆட்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, இன்றைக்கு நீதிமன்றத்தில் இவள் சொல்வாளா மாட்டாளா என்று ஊரே பார்த்திருக்க, கூண்டில் ஏறுகிற ஒரு பெண். அதை முப்பது பாகமாக எழுதி வாசித்தால் தளவாய்புரத்தில் மிஷின் நிற்கும்.